ஒரே ராத்திரியில் ரூ.2,14,176 போன் பில்: யார் கட்டுவது?

ஏற்காட்டில் இருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவரும் அவரும் மலையில் 9 அறைகள் உள்ள தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறார்கள். புக்கிங் ஆபீஸ் கீழே சேலத்தில், அஸ்தம்பட்டியில். போன வருடம் ஒரு டெக்னீஷியன் சொன்னதை நம்பிப் பழைய லேண்ட்லைனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போனுக்கு மாறினார்கள். விடுதியில் ஒரு சின்ன சர்வர், அதில் 12 எக்ஸ்டென்ஷன். சேலம் ஆபீஸ் போனும் இன்டர்நெட் வழியாக அதே சர்வரில்தான் இணைந்திருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் சுற்றி பில் வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு மாதம் ரூ.2,14,176 கூடுதலாக வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை இரவு 11.40 முதல் ஞாயிறு காலை 6.10 வரை, பெயரே கேள்விப்படாத நாடுகளுக்கு 11,640 நிமிடம் ஐஎஸ்டி பேசியதாகக் கணக்கு, நிமிடத்துக்கு ரூ.18.40. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று நோட்டீஸும் வந்திருக்கிறது.

டெக்னீஷியன், "இன்டர்நெட் போனை வெளியாள் தொடவே முடியாது, வாட்ஸ்அப் மாதிரி எல்லாம் பூட்டித்தான் போகும், உங்கள் ஆள்தான் பேசியிருப்பான்" என்கிறார். கணவர் அதை நம்பி, ராத்திரி ரிசப்ஷனில் இருக்கும் பையனின் சம்பளத்தில் மாதம் 5,000 பிடிக்க ஆரம்பித்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் அக்கா மகனோ, இந்தியாவில் இன்டர்நெட் போனே சட்டவிரோதம், போலீசுக்குப் போனால் உங்களைத்தான் உள்ளே வைப்பார்கள் என்று பயமுறுத்துகிறார். இதற்கு நடுவில் ஒருவர் வந்து, விடுதியின் ஸ்டோர் ரூமில் ஒரு 'டவர் டெஸ்ட் பெட்டி' வைத்துக்கொள்ள மாதம் 25,000 வாடகை தருகிறேன் என்கிறார். "அந்த வாடகையை வைத்தே பில்லைக் கட்டிவிடலாமா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் வாசகி.

முதலில் அந்தப் பெட்டி

சகோதரி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. பில் விவகாரம் எப்படிப் போனாலும் பணத்தோடு முடிந்துவிடும். இது அப்படி முடியாது.

பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பவை: 32 சிம் செருகும் இடம், பின்பக்கம் வரிசையாகக் குட்டி ஆன்டெனா, உங்கள் பிராட்பேண்டிலேயே இணைப்பு, இரவு பகல் அணைக்கக்கூடாது, ஒப்பந்தம் உங்கள் பெயரில். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அது டவர் டெஸ்ட் கருவி இல்லை, சிம் பாக்ஸ். வெளிநாட்டில் இருந்து கிளம்பும் ஒரு அழைப்பு இன்டர்நெட் வழியாக இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு சிம்மில் இருந்து அதை உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்பும். எடுப்பவரின் போனில் சாதாரண இந்திய மொபைல் எண்தான் தெரியும். முறைப்படி என்றால் அந்த அழைப்பு உரிமம் பெற்ற சர்வதேச வழியில் வந்து, அதற்கான கட்டணமும் செலுத்தி, எங்கிருந்து வந்தது என்ற பதிவோடு உள்ளே நுழைந்திருக்க வேண்டும். பெட்டி இது எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறது.

ஒரு காலத்தில் கட்டணத்தை மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்தார்கள். இப்போது 'சிபிஐயில் இருந்து பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று மிரட்டும் கும்பல்களுக்கும் இது தேவைப்படுகிறது. இந்திய எண்ணைப் போல வேஷம் போட்டு வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்புகளை வழியிலேயே தடுக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. வேஷம் எடுபடாத இடத்தில் நிஜ இந்திய சிம் வேண்டும். அதை வைக்க இந்தியாவுக்குள்ளேயே ஓர் இடமும் வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, தினம் புது முகங்கள் வந்து போகிற ஒரு விடுதியை அவர்கள் ஏன் தேடி வருகிறார்கள் என்பது உங்களுக்கே புரியும்.

எங்கோ ஒரு ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பணத்தை இழந்து புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். போலீஸ் முதலில் பார்ப்பது அந்த சிம் எந்த டவரில் இருந்தது என்பதை. அது ஏற்காட்டைக் காட்டும். கும்பல் எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியாது. பெட்டி உங்கள் ஸ்டோர் ரூமில் இருக்கும், நெட் கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருக்கும், வாடகை உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42. துணை போனவருக்கும் அதே தண்டனைதான். மோசடி வழக்கு தனியாக வரும். "எனக்கு ஒன்றும் தெரியாது, இடம்தான் கொடுத்தேன்" என்பதைக் கடைசியில் நிரூபிக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வருவதற்குள் பல வருடம் ஓடிவிடும்.

அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சண்டை போட வேண்டாம், புகார் கொடுப்பேன் என்று மிரட்டவும் வேண்டாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கொடுத்த விசிட்டிங் கார்டு, போன் எண் எதையும் அழிக்காமல், ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி சைபர் கிரைம் போலீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளைக்கு அவர் பக்கத்து விடுதியில் போய் வைத்தாலும், நீங்கள் முன்கூட்டியே சொன்னவர் என்ற பதிவு இருக்கும்.

ராத்திரி பேசியது யார்?

இதற்கு விடை உங்கள் பில்லிலேயே இருக்கிறது. இரவு 11.40 முதல் காலை 6.10 வரை 390 நிமிடம். பேசியதோ 11,640 நிமிடம். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 30 வருகிறது. அதாவது இரவு முழுக்க, ஒரு நிமிடம்கூட இடைவெளி விடாமல், ஒரே நேரத்தில் முப்பது அழைப்புகள் போயிருக்கின்றன. விடுதியில் இருப்பதே 12 எக்ஸ்டென்ஷன். அந்தப் பையனுக்கு இருப்பது ஒரு வாய், இரண்டு காது. உங்கள் இணைப்பில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்பு போகும் வசதி, இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருடன் முப்பதையும் நிரப்பியிருக்கிறான், அவ்வளவுதான்.

இது உலகம் முழுக்க நடக்கும் பழைய மோசடி. இன்டர்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு, போன் சர்வர் எங்கே இருக்கிறது என்று தேடும் மென்பொருட்கள் இரவு பகலாக ஓடுகின்றன. இந்த வகை சர்வர்கள் வழக்கமாகக் காது கொடுக்கும் வாசல் 5060 என்ற போர்ட். அது திறந்திருந்தால் 100, 101, 1001 என்று எக்ஸ்டென்ஷன் எண்களை வரிசையாக முயன்று, பாஸ்வேர்டையும் ஊகித்துப் பார்க்கும். 1001-க்கு பாஸ்வேர்டும் 1001 என்றிருந்தால் வேலை சில நொடி. உள்ளே நுழைந்ததும் உங்கள் எக்ஸ்டென்ஷன் போலவே தன்னைப் பதிவு செய்துகொண்டு, நிமிடக் கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போட ஆரம்பிக்கும். அந்த எண்களை வைத்திருப்பவனும் இவனும் கூட்டாளி. நீங்கள் கட்டும் 18 ரூபாய் 40 காசில் ஒரு பங்கு சுற்றிவளைத்து அவர்கள் கைக்குப் போகிறது. அந்தப் பக்கம் யாரும் பேசுவதுகூட இல்லை. சனி இரவைத் தேர்ந்தெடுப்பதும் தற்செயல் இல்லை. ஞாயிறு முழுக்க யாரும் பில்லைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

சேலம் ஆபீஸ் போனை மேலே இருக்கும் சர்வரோடு இணைக்க டெக்னீஷியன் ரவுட்டரில் அந்த வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. உறுதி செய்ய வழி உண்டு. சர்வரின் லாக்கில், அதாவது அது தானாக எழுதிவைக்கும் பதிவேட்டில், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எந்த ஐபி முகவரியில் இருந்து பதிவானது என்று இருக்கும். ரிசப்ஷன் போன் என்றால் விடுதியின் உள் முகவரி, பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவது, இருக்க வேண்டும். அந்த இரவில் மட்டும் வெளி முகவரி ஒன்று இருந்தால் விஷயம் முடிந்தது. டெக்னீஷியனிடம் "லாக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "சர்வரை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்றால் விடாதீர்கள். அது உங்கள் சாட்சி. வேறு ஒருவரை வைத்து அந்த ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகல் எடுத்தபிறகு எதையும் செய்யலாம்.

வாட்ஸ்அப் மாதிரி என்று அவர் சொன்னதும் சரியில்லை. வாட்ஸ்அப் 2016-ல் இருந்து இரு முனைக்கும் இடையே, நடுவில் யாரும் கேட்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறது. உங்கள் போன் இணைப்பு அந்த வகை இல்லை. தனியாகக் கேட்டு அமைத்தால்தான் பூட்டு, இல்லாவிட்டால் பேச்சு திறந்தபடியே போகும். அப்புறம், பூட்டு இருந்தாலும் இந்த மோசடியை அது தடுத்திருக்காது. சாவியோடு உள்ளே வந்தவனுக்குப் பூட்டு எதற்கு?

அந்தப் பையனின் சம்பளத்தைப் பற்றி. விளக்கம் சொல்ல வாய்ப்பே கொடுக்காமல், நஷ்டம் அவனால்தான் வந்தது என்று காட்டாமல் கூலியில் பிடிப்பதைத் தொழிலாளர் சட்டம் ஏற்காது. சட்டம் இருக்கட்டும், மேலே உள்ள கணக்கைக் கணவரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்து, அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள். மலையில் ராத்திரி வேலைக்கு நம்பிக்கையான ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இன்டர்நெட் போன் சட்டவிரோதமா?

இல்லை. அக்கா மகன் சொல்வதில் பழைய உண்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2002 ஏப்ரலில் இந்தியாவில் இன்டர்நெட் தொலைபேசியை அனுமதித்தபோது நிறைய கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர் போன்களோடு அதை இணைக்க முடியாது. 2018-ல் அந்தத் தடை தளர்ந்து, உரிமம் உள்ள தொலைபேசி நிறுவனங்கள் இன்டர்நெட் வழியாகவே எண் கொடுத்து சேவை தரலாம் என்றானது. போனில் வேலை பார்க்கும் கால்சென்டர்களுக்கு இருந்த பதிவுக் கட்டாயம்கூட 2020 நவம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. உரிமம் உள்ள நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எண் வாங்கி, உங்கள் விடுதிக்குப் பயன்படுத்துகிறீர்கள். இதில் தவறு எதுவும் இல்லை.

தவறு எங்கே வரும் என்றால், அடுத்தவரின் அழைப்பை உங்கள் இன்டர்நெட் வழியாகக் கொண்டுவந்து உள்ளூர் போன்களில் இறக்கி, முறையான எஸ்டிடி, ஐஎஸ்டி வழியைச் சுற்றிப் போகும்போது. அந்தப் பெட்டி செய்வது அதைத்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மே மாத சீசனுக்கு முன்னால் பழைய விருந்தினர்களை அழைத்து ஆஃபர் சொல்லும் பழக்கம் இருந்தால் இந்த எண்ணில் செய்யாதீர்கள். விளம்பர அழைப்புகளுக்கு 140-ல் தொடங்கும் தனி வரிசை இருக்கிறது, முன்பதிவும் வேண்டும். 1909 என்ற புகார் எண்ணில் நாலு பேர் புகார் செய்தால் உங்கள் எண்ணுக்குத்தான் சிக்கல்.

பில்லைக் கட்ட வேண்டுமா?

உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சர்வரில் இருந்து, உங்கள் பாஸ்வேர்டில் போன அழைப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று இந்த வகை ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு வரி இருக்கும். நிறுவனம் அதைத்தான் நீட்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அவர்களும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. "ஹேக் ஆகிவிட்டது, அதனால் ஒரு பைசா தரமாட்டேன்" என்று மட்டும் நின்றால் பலன் குறைவு.

ஆனால் கைவசம் வாதம் இல்லாமல் இல்லை. ஐஎஸ்டி வசதியை நீங்கள் கேட்டீர்களா? இணைப்பு வாங்கியபோது கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்காமலே திறந்து விட்டிருந்தால் அதுதான் உங்கள் பலமான புள்ளி. அடுத்து, கடன் வரம்பு. மாதம் 3,000 பில் வரும் இணைப்புக்கு எவ்வளவு வரம்பு வைத்தார்கள், தாண்டியபோது ஏன் தகவல் சொல்லவில்லை, ஏன் நிறுத்தவில்லை? ஒரு வருடமாக ஒரு வெளிநாட்டு அழைப்புகூட இல்லாத இடத்தில் ஒரே இரவில் முப்பது சேனலும் நிரம்பியது அவர்கள் கண்காணிப்பில் படவில்லையா? இந்த மூன்று கேள்வியையும் வைத்து எழுதினால், பெரும்பாலும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார்கள். முழுத் தள்ளுபடி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். தங்கள் லாபப் பங்கை விட்டுக்கொடுத்து, அசல் செலவை மட்டும் தவணையில் வாங்கிக்கொள்ளச் சொல்வது நியாயமான இலக்கு.

நோட்டீஸின் பதினைந்து நாள் முடியும்வரை காத்திருக்காதீர்கள். வழக்கமான மாத வாடகையையும் உள்நாட்டு அழைப்புக் கட்டணத்தையும் இன்றே கட்டிவிட்டு, மீதித் தொகை தகராறில் உள்ளது, ஒப்புக்கொள்ளவில்லை என்று மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் எழுதுங்கள். வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் வாங்குங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கோபத்தில் இணைப்பை விட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விடாதீர்கள். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணைக் கையோடு கொண்டுபோக இந்தியாவில் வசதியில்லை. ரோட்டோரப் பலகையிலும் புக்கிங் தளங்களிலும் இருக்கும் எண் போய்விடும்.

நுகர்வோர் ஆணையம்? தொலைபேசித் தகராறு அங்கே போகக்கூடாது, நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று நிறுவனங்கள் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. உங்களுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது: வணிகத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் என்ற தகுதி கிடையாது. பிழைப்புக்காக சொந்தமாக நடத்தும் சுயதொழில் என்றால் விதிவிலக்கு உண்டு. 9 அறை, கணவன் மனைவி இருவரும் நேரடி உழைப்பு என்பதை வைத்து வாதாட முடியும். எதிர்த்தரப்பு இதைக் கட்டாயம் எழுப்பும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

டெக்னீஷியன் மேல் வழக்கு போடலாமா என்ற உங்கள் கேள்வி. பில், வாட்ஸ்அப் பேச்சு எதுவானாலும் அவர் என்ன வேலைக்கு எவ்வளவு வாங்கினார் என்று எழுத்தில் இருந்தால் வழி உண்டு. ரொக்கமாக வாய்ப்பேச்சில் முடிந்த வேலை என்றால் அலைச்சல்தான் மிஞ்சும். என் யோசனை: அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், எதிரியாக்காதீர்கள். ரவுட்டரை எப்படி அமைத்தார் என்று அவர் கைப்பட எழுதித் தந்தால் அது உங்களுக்கு அதிகம் உதவும்.

போலீசுக்குப் போக பயம் வேண்டாம்

நீங்கள் பாதிக்கப்பட்டவர். அடுத்தவரின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66, 66சி பிரிவுகளில் குற்றம். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். 1930 எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அது வங்கிக் கணக்கில் இருந்து பணம் போனால் வழியில் நிறுத்திவைக்க உதவும் எண். உங்கள் பணம் இன்னும் கை மாறவில்லை என்பதால், எழுத்துப் புகார்தான் முக்கியம்.

ஏற்காடு சேலம் மாவட்டக் காவல்துறையில் வருகிறது, அஸ்தம்பட்டி மாநகரக் காவல்துறையில் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி சைபர் கிரைம் நிலையம். சர்வர் மேலே இருப்பதால் மாவட்டம்தான் பொருத்தம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று எங்கும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. திருடன் பிடிபடுவான் என்று நான் சொல்லவில்லை, அவன் வேறு கண்டத்தில் இருக்கலாம். அந்தப் புகார் ரசீதுதான் போன் நிறுவனத்திடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் முதல் காகிதம், அதற்காகத்தான் சொல்கிறேன். ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது. நேரம் தாண்டிவிட்டாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பழைய லைனுக்குத் திரும்ப வேண்டியதில்லை

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒரு நல்ல நெட்வொர்க் ஆளை ஒரு நாள் மேலே வரவழைத்து, கீழே உள்ளதைச் செய்யச் சொல்லுங்கள். சர்வருக்குள் செய்யும் பூட்டைத் திருடன் உள்ளே வந்தால் திறந்துவிடுவான். அதனால் முதல் இரண்டு பூட்டுகள் போன் நிறுவனத்தின் பக்கம் இருக்க வேண்டும்.

1. நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து ஐஎஸ்டியை முழுதாக மூடுங்கள். துபாய், சிங்கப்பூர் விருந்தினர் யாராவது இருந்தால் மொபைலில் பேசிக்கொள்ளலாம்.

2. 30 சேனல் எதற்கு? ஒரே நேரத்தில் நான்கு அழைப்பு உங்களுக்குத் தாராளம். நான்காகக் குறையுங்கள். அன்று நான்கு சேனல் மட்டும் இருந்திருந்தால் பில் 29,000 ரூபாயைத் தாண்டியிருக்காது. தினசரி செலவு வரம்பு அல்லது ப்ரீபெய்டு கிடைத்தால் அதையும் வாங்குங்கள்.

3. ரவுட்டரில் திறந்திருக்கும் 5060 வாசலை மூடிவிட்டு, அஸ்தம்பட்டி ஆபீசை விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் உங்கள் இரண்டு இடங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) வழியாக இணைக்கச் சொல்லுங்கள். 5060-ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், தேடுபவனுக்கு அது சில மணி நேரத் தாமதம் மட்டும்தான். சர்வரின் நிர்வாகப் பக்கமும் வெளியில் இருந்து திறக்கக்கூடாது.

4. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனியாக, மனப்பாடம் செய்ய முடியாத நீள பாஸ்வேர்டு. அதை யாரும் தினம் தட்டச்சு செய்யப் போவதில்லை, ஒருமுறை போனில் ஏற்றினால் முடிந்தது. பயன்படாத எக்ஸ்டென்ஷன்களை அழித்துவிடுங்கள். வாய்ஸ்மெயில் பின் 0000-ல் இருக்கிறதா, வெளி எண்ணுக்கு கால் ஃபார்வர்டு யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தவறான பாஸ்வேர்டை நாலைந்து முறை முயலும் முகவரியைத் தானாகத் தடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

5. விருந்தினர் வைஃபையையும் போன் நெட்வொர்க்கையும் பிரியுங்கள். இப்போது இரண்டும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டில்லாத பேச்சை, அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் எடுத்துக் கேட்க முடியும். புக்கிங்குக்காக விருந்தினர்கள் கிரெடிட் கார்டு எண்ணைப் போனிலேயே சொல்கிறார்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றோடு நிறுத்துங்கள். பேமென்ட் லிங்க் அல்லது யுபிஐ அனுப்பினால் போதும். நிறுவனம் வசதி தந்தால் டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி இரண்டையும் போடச் சொல்லுங்கள்; அவைதான் இந்தப் போனுக்கான பூட்டு. மாலையில் குரல் விட்டுவிட்டு வருகிறது என்றதற்கும் வைஃபையைப் பிரிப்பதே பாதி மருந்து. ஒரு அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும், 9 அறையில் படம் ஓடும்போது அதுகூட நெரிசலில் சிக்குகிறது.

மலைக்கே உரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. மழையில் மரம் விழுந்தால் கரண்டும் போகும், ஃபைபரும் போகும், அதோடு உங்கள் போன் முழுக்கச் செத்துவிடும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சர்வர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் வையுங்கள். அப்புறம், ரிசப்ஷனில் நல்ல சிக்னல் உள்ள ஒரு சாதாரண மொபைலை எப்போதும் சார்ஜில் வைத்து, விருந்தினருக்கு நெஞ்சுவலி என்றால் 108-ஐயும், வேறு ஆபத்து என்றால் 112-ஐயும் அதில் இருந்துதான் கூப்பிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் விடுதியின் எண் 0427-ல் தொடங்குகிறது, அதாவது சேலம் எண். ஏற்காட்டுக்கு 04281. இன்டர்நெட் போனில் இருந்து அவசர எண்ணை அழைத்தால் நீங்கள் அஸ்தம்பட்டியில் இருப்பதாகத் தெரிய வாய்ப்புண்டு.

வக்கீல் செலவுக்குத் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் புக்கிங் ஆபீஸ் இருக்கும் அஸ்தம்பட்டியில்தான் சேலம் நீதிமன்ற வளாகமும் இருக்கிறது. போவதற்கு முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது பில், நோட்டீஸ், நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், புகார் ரசீது, இணைப்பு விண்ணப்ப நகல், லாக் நகல் இருக்கும் பென்டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.